நரம்புச் சிலந்தியும் நானும்

போன வாரம் முழங்கால் வலிக்காக ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். டாக்டர் உள்ளே யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மேஜைக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டு மாட்டிய ஒரு மாணவி உட்கார்ந்திருந்தாள். பயிற்சிக்கு வந்த பெண்.

எந்தக் கால் என்று கேட்டாள். வலது என்றேன். எத்தனை நாளாக? சொன்னேன். மாடி ஏறினால் வலிக்கிறதா? வலிக்கிறது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. சின்ன வயதில் விழுந்தீர்களா, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், வீட்டில் யார் யார், பத்திரிகையில் எழுதுவீர்களாமே, கையால் எழுதுவீர்களா, டைப் அடிப்பீர்களா...

முழங்காலுக்கும் டைப்ரைட்டருக்கும் என்ன சம்பந்தம்?

சட்டென்று புரிந்தது. இந்தப் பெண் ஊருக்குப் புதிது. காலையிலிருந்து யாரும் இவளோடு ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். எனக்கு இருந்தது ஒரே ஒரு முழங்கால் வலிதான் — அதை இருபது நிமிஷத்துக்கு நீட்டிச் சொல்லிவிட்டு வந்தேன்.

நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள். அந்தக் கதையை இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியதில்லை. காரணம் இருக்கிறது. அதில் நான் அவ்வளவு நல்லவளாக வரவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பதுகள். சென்னையில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருஷம். விடுமுறையில் யாராவது ஒரு நாட்டுப்புறத்து டாக்டரிடம் இருந்து வேலை பழகிக்கொண்டு வாருங்கள் என்று எங்கள் புரொபசர் சொன்னார். அப்பாவுக்குத் தெரிந்த ஒரு டாக்டர் காரிமங்கலத்தில் டிஸ்பென்சரி வைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்ணான நான், தருமபுரிப் பக்கம் வரை ரயிலிலும் அங்கிருந்து கரி எரித்து ஓடும் யுத்தகால பஸ்ஸிலுமாகப் போய், மூக்கெல்லாம் கறுத்து இறங்கினேன்.

டிஸ்பென்சரிக்குப் பின்னால் எனக்கு ஓர் அறை. துணைக்கு ஓர் அம்மாளை ஏற்பாடு செய்திருந்தார்கள். நல்ல மனுஷி. காதுதான் கேட்காது. விளக்கு வைத்ததும் படுத்துவிடுவார்.

டாக்டர் எப்போதும் வாயில் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர் மாதிரி இருப்பார். அவ்வளவு பேச்சு! காலையில் நோயாளிகளைப் பார்ப்பார். பத்தரை மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போய்விடுவார். நான் கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

அவர் வீட்டிலிருந்து வேளாவேளைக்குச் சாப்பாட்டுக் கேரியர் வரும். நான் கிறிஸ்தவப் பெண். அவர்கள் ஆசாரமான குடும்பம். அந்த வீட்டம்மா ஒருநாளும் உள்ளே வா என்று கூப்பிட்டதில்லை. ஒருநாளும் சாப்பாட்டில் குறை வைத்ததும் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நோயாளிகள்? அவர்கள் என்னைப் பார்த்ததே இல்லை — என் வழியாக டாக்டரைப் பார்ப்பார்கள். என்ன செய்கிறது என்று நான் கேட்பேன். அவர்கள் டாக்டரிடம் பதில் சொல்வார்கள். பாதிப் பேர் கன்னடத்திலோ தெலுங்கிலோ. சந்தை நாளில் டிஸ்பென்சரி வாசலில் கால் வைக்க இடம் இருக்காது. அன்றைக்குத்தான் ரொம்பத் தனியாக இருக்கும். மிக்சர் பாட்டிலில் ஒட்டுவதற்கு ஒரு வேளைக்கு எவ்வளவு என்று அளவு காட்டும் காகிதம் வெட்டுவேன். மருந்து கலக்கும் கம்பவுண்டரும் நானும் அலமாரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று, வாய் திறக்காமல் வேலை செய்வோம். ஒரு மத்தியானம் நான் டிங்க்சர் பாட்டிலின் லேபிளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். எதற்கு? என் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

அப்போதுதான் மாதம்மா வந்தாள். ஆனி மாசம் பிறந்த சமயம்.

என்னைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள். இரண்டு மைல் நொண்டிக்கொண்டே வந்திருந்தாள். கணுக்காலில் ஒரு கொப்புளம் உடைந்து, நடுவில் வெள்ளை நூல் மாதிரி ஏதோ எட்டிப் பார்த்தது. நரம்புச் சிலந்தி.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. படி இறங்கித் தண்ணீர் மொள்ளுகிற கிணறுகள் இருந்த ஊர்களில் அன்று அது சர்வ சாதாரணம். குடிக்கிற தண்ணீரோடு உள்ளே போகும். ஒரு வருஷம் உடம்புக்குள் வளர்ந்து, இரண்டு முழ நீளப் புழுவாகக் காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். மருந்து கிடையாது. புண்ணைத் தண்ணீரில் நனைத்து, வருகிற நுனியை ஓர் ஈர்க்குச்சியில் சுற்ற வேண்டும். தினமும் இரண்டு விரற்கடை. அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் கால் வீங்கிச் சீழ் வைத்து, ஆளைப் படுக்கப் போட்டுவிடும்.

டாக்டர் ஒரு தடவை செய்து காட்டிவிட்டு, இனி நீ பார்த்துக்கொள் என்றார். என்னை நம்பி ஒரு நோயாளி. முதல் நோயாளி!

மாதம்மா தினமும் பதினோரு மணிக்கு வருவாள். காலைத் தண்ணீர்ச் சட்டியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பிப்பாள். மாமியார் மிளகாயை எண்ணி வைப்பதைப் பற்றி, கொழுந்தன் வாங்கிய நொண்டி ஆட்டைப் பற்றி. புழுவைப் பற்றியும் ஒரு அபிப்பிராயம் வைத்திருந்தாள். “எங்க நாத்தனாரு மாதிரிங்க. கூப்பிடாமயே வந்துச்சு, போவ மாட்டங்குது” என்றாள். நான் சிரித்தேன். அந்த ஊருக்கு வந்து ஒரு மாசத்துக்குப் பிறகு சிரித்தேன்.

என்னையும் கேட்பாள். கடல் எப்படி இருக்கும், அலை யார் தள்ளி விடுகிறார்கள், அக்கரையில் என்ன ஊர் — எல்லாம் வேண்டும். சொல்லிக்கொண்டே இருப்பேன். அவள் போன பிறகு, நாளைக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே மத்தியானத்தைக் கழிப்பேன்.

அவளுக்கு அவசரம் இருந்தது. புருஷன் இரண்டு வருஷமாகப் பெங்களூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை. இப்போதுதான் வாடகைக்கு ஓர் அறை பிடித்திருந்தான். ஆடியில் யாரும் குடி போக மாட்டார்கள். அதனால் ஆனி முடிவதற்குள் அவளை அனுப்பிவிடச் சொல்லியிருந்தான். அதற்கு மேல் அறையை நிறுத்தி வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. கொழுந்தன் ஆனி இருபத்தாறாம் தேதி கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அதற்குள் ஆகிவிடுமா என்று முதல் நாளே கேட்டாள். தாராளமாக ஆகிவிடும் என்று சொன்னேன். கணக்கும் சரியாகத்தான் இருந்தது.

முதல் வாரம் தினமும் இரண்டு விரற்கடை சுற்றினேன். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, பாதிக்கு மேல் வந்துவிட்டது என்று குச்சியைப் பார்த்தபோது தெரிந்தது. இன்னும் எட்டே நாள். அப்புறம்? அப்புறம் மறுபடியும் டிங்க்சர் பாட்டில்.

அன்றைக்கு ஒரு விரற்கடையோடு நிறுத்தினேன்.

மறுநாள் அரை. அதற்கு மறுநாளும் அரை. வேண்டுமென்றே செய்தேனா? அப்போது கேட்டிருந்தால் இல்லை என்று சத்தியம் செய்திருப்பேன். அறுந்துவிடுமோ என்ற பயம், ஜாக்கிரதை, பாடப் புத்தகம் — எனக்கு நானே சொல்லிக்கொள்ள எத்தனை நல்ல காரணங்கள்! கை மட்டும் உண்மையை அறிந்திருந்தது. புழு வழுக்கிக்கொண்டு வரத் தயாராக இருந்தது. நான்தான் நிறுத்தினேன்.

மாதம்மா இரண்டு தடவை கேட்டாள், ஏன் முன்போல வரவில்லை என்று. இழுத்தால் அறுந்துவிடும் என்றேன். படித்தவள் சொன்னால் மறுபேச்சு உண்டா? சரி என்று தலையாட்டினாள்.

இருபத்தாறாம் தேதி வந்தது. இந்தக் காலோடு பயணம் போகக் கூடாது என்று நானே சொல்லியிருந்தேன். அதே மில்லில் வேலைக்குச் சேரவிருந்த கொழுந்தனுக்குக் காத்திருக்க முடியவில்லை. அவன் மட்டும் கிளம்பிப் போனான்.

மறுநாள் அவள் அரை மணி தாமதமாக வந்தாள். காலைச் சட்டியில் வைத்தாள். நான் கடலைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

அன்றைக்கு நிறுத்தாமல் சுற்றினேன். இரண்டு விரற்கடை வந்தது, பிறகு மூன்றாவதும் வந்தது. தடையே இல்லை.

அவள் திரும்பிக் குச்சியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இத்தன நாளு ஏனுங்க வரல?”

பொய் சொல்லியிருக்கலாம். பாடப் புத்தகம் கைவசம் இருந்தது. ஏனோ முடியவில்லை.

“முடிஞ்சிட்டா நீ வர மாட்டியேன்னுதான்...” என்றேன். “இங்க எனக்குப் பேச யாருமே இல்ல, மாதம்மா.”

அவள் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. சட்டியிலிருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“ஒத்தையில இருக்கறது எப்படின்னு எனக்குத் தெரியாதுங்களாம்மா? ரெண்டு வருசமா அந்த வூட்டுல அப்படித்தான இருக்கறனுங்க.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு தினமும் வந்தாள், காலை நீட்டினாள், போனாள். வேகமாகச் சுற்றினேன், ஆனாலும் ஆடி பிறந்த இரண்டாம் நாள்தான் புழுவின் கடைசி நுனி வெளியே வந்தது. அறாமல், முழுசாக. சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்த டாக்டர் குச்சியைத் தூக்கிப் பார்த்து, நல்ல வேலை என்றார். அந்த இரண்டரை மாசத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அதைப்போல ஓர் அடியை நான் யாரிடமும் வாங்கியதில்லை. உண்மையை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அதுவரை மாதம்மா கிளம்பும்போது நாளைக்கு வருகிறேன் என்றுதான் சொல்வாள். அன்றைக்குக் கட்டுப் போட்டு முடித்ததும் எழுந்து நின்றாள். காலை ஊன்றிப் பார்த்தாள். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள்.

“போறனுங்க” என்றாள்.

போய்விட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. நம் ஊரில் அந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் போவது எவ்வளவு பெரிய விஷயம்! நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனை நாள் பேசாத கம்பவுண்டர் அலமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்: “ஆஸ்பத்திரியில குணமாயிப் போறவங்க யாரும் வரன்னு சொல்ல மாட்டாங்கம்மா. சொல்லவும் கூடாது.”

உண்மைதான். மறுநாளிலிருந்து கவனித்துப் பார்த்தேன். குணமாகிப் போகிற யாருமே சொல்வதில்லை. அப்படியானால் மாதம்மா சொல்லாதது வழக்கத்தாலா, கோபத்தாலா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். ஐப்பசியில் கம்பவுண்டருக்கு ஒரு கார்டு போட்டு விசாரித்தேன். பதில் வந்தது. அந்த அறை கைவிட்டுப் போயிற்றாம். ஆவணியில் மாதம்மா போய்ச் சேர்ந்து, வேறொரு குடும்பத்தோடு பாதி அறையில் மறைப்புக் கட்டிக் குடியிருக்கிறாளாம். கால் நன்றாக இருக்கிறதாம். பெரிய விபரீதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு வரவேண்டிய ஒரு அறை வரவில்லை, புருஷனோடு இருக்க வேண்டிய ஒரு மாசம் போயிற்று... நான் பேசிக்கொண்டிருந்த ஒரு வாரத்துக்காக.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் பிராக்டிஸ் செய்தேன். எத்தனையோ பேரைக் குணமாக்கி அனுப்பியிருக்கிறேன். நன்றாகப் பேசுகிற நோயாளி யாராவது வந்து, இன்னும் ஒரு தடவை வரச் சொல்லலாமா என்று தோன்றும்போதெல்லாம் பேனாவை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் யோசிப்பேன் — அவருக்காகவா, எனக்காகவா?

நோயாளி நம்மைத் தேடி வராமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதுதான் வைத்தியத்தில் பாதி என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் போடவில்லை... போட்டிருந்தாலும், இருபத்திரண்டு வயதில் அந்த வரியின் கீழ் நான் கோடு போட்டிருக்க மாட்டேன்.