சரணம் வரைக்கும் ஒரு பாட்டு

தமிழ்த் திரையிசையில் பிறரால் மிகுதியாக மீண்டும் பாடப்பெற்ற பாடல் எது என்னும் வினா, காட்டுப்பாக்கத்தில் நாங்கள் வாழும் அடுக்ககத்தில் மாலைதோறும் எழும். நடைப்பயிற்சிக்கென இறங்கிவந்து, நடவாமல் அமர்ந்துவிடும் முதியோர் நாங்கள். விடை காண்பதில் எவருக்கும் அவசரமில்லை.

என் வாக்கு எப்போதும் நிலவை விளித்துத் தொடங்கும் ஒரு பழம்பாட்டுக்கே. நாகசுரக்காரர் முகூர்த்தத்திற்கு முன் அதை வாசிக்கின்றனர். தொலைக்காட்சிப் போட்டியில் முன்பல் விழுந்த குழந்தைகள் பாடுகின்றனர்; நடுவர்கள் அழுகின்றனர். கித்தார் ஏந்திய இளைஞர்கள் சொற்களில் பாதியை விழுங்கிவிட்டுப் பாடுகின்றனர். அண்மையில் வந்த படமொன்று, துரத்தப்படுபவர் ஓடும் வேகத்தில் அதை ஓடவிட்டது.

ஆயினும் அதை மிகப் பலமுறை பாடியவர் என் எதிர்வீட்டு நண்பர்தாம். ஆவடிப் படைக்கலத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பல்லவிக்கு அப்பால் அவர் சென்று நான் கேட்டதில்லை. சரணத்துக்கு அவர் மூச்சிழுக்கும் கணத்தில் அடுக்களையிலிருந்து அவர் துணைவியாராகிய அம்மையாரின் குரல் எழும்: "என்னங்க, போதும். குக்கர் சத்தமே தேவலாம்!" மணமான நாள்முதல் இதுவே நடைமுறை என்றார் நண்பர்.

அவருடைய மணிவிழா சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையோர மண்டபமொன்றில் நிகழ்ந்தது. மெல்லிசைக் குழுவையும் அமர்த்தியிருந்தார். வாழ்த்துரைக்காக மேடையில் அமர்ந்திருந்த என் காதோரம் குனிந்தார்.

"சார், இன்னிக்கு அவ மாலையும் கழுத்துமா உக்காந்திருக்கா. சபையில வெச்சு நிறுத்தமாட்டா. ஒரே ஒரு தடவை சரணத்தப் பாடி முடிச்சுடணும்."

ஒலிவாங்கியைப் பற்றிக்கொண்டு பாட்டின் முதலடியைக் குழுவினரிடம் சொன்னார். மின்தாளப் பலகை வாசிப்பவர் நிமிர்ந்தார்.

"எந்த வெர்ஷன் நைனா?"

"எந்த வெர்ஷனா? பாட்டு ஒண்ணுதானே?"

"இன்னா நைனா இப்டி கேட்டுகினு கீறே! பழசு கீது, ரீமிக்ஸ் கீது, ரீமிக்ஸுக்கே ரீமிக்ஸ் கீது. ஆனா நம்ம கைல புதுசு மட்டும்தான் கீது."

கச்சேரிக்கு வேண்டிய தாளங்களை முன்னரே பதிந்துவைத்து, வேண்டும்போது பொத்தானை அழுத்துவது இக்காலக் குழுக்களின் முறை. அவரும் அழுத்தினார். மண்டபம் அதிர்ந்தது.

நண்பர் நிலவை அழைத்தார். நிலவு வருமுன் தாளம் இரண்டு சுற்று முன்னே போய்விட்டது. பிடிக்க ஓடினார். எங்கள் அடுக்ககத்துக் கணினித்துறை இளைஞர்கள் நாற்காலிகளை ஒதுக்கி ஆடத் தொடங்கினர். நான் பொறுக்கவியலாமல் எழுந்து, "தம்பி, தாளத்தைச் சற்றே தளர்த்துங்கள்; பெரியவருக்கு மூச்சு வாங்குகிறது" என்றேன்.

"இத நிறுத்தத்தான் முடியும் சார், கொறைக்க முடியாது. நிறுத்தவா?"

நண்பர் பாடியவாறே 'வேண்டாம்' என்று கைகூப்பினார். சரணம் நெருங்கியிருந்தது. நான் அம்மையாரைப் பார்த்தேன். தடை ஏதும் எழவில்லை. நண்பர் சரணத்துள் பாய்ந்தார். ஓரடியை விட்டார், மற்றோரடியை இருமுறை பாடினார், நெற்றித் திருநீறு வியர்வையில் வழிய, கடைசிச் சொல்லைத் தாளத்தோடு ஒருங்கே வந்தடைந்தார். கரவொலி கூரையைத் தொட்டது.

மாலையைச் சரிசெய்தபடி அம்மையார் எழுந்து வந்தார். முகத்தில் நான் என்றும் காணாத மலர்ச்சி.

"இவ்ளோ நல்லா பாட வருதுல்ல? அப்புறம் ஏங்க இத்தனை வருஷமா இழுத்து இழுத்துப் பாடி என் உசுர வாங்கினீங்க? எங்க, இன்னொரு தரம் பாடுங்க!"

தூணைப் பற்றிநின்ற நண்பர் என்னை நோக்கினார். "சார்... நீங்க வாழ்த்துரைய... ஆரம்பிச்சுடுங்க."

நான் தொண்டையைச் செருமினேன்.

"உங்க பேச்சு எங்க போகப்போகுது சார், அப்புறம் கேட்டுக்கலாம்" என்றார் அம்மையார். பொத்தான் அழுத்தப்பட்டது.