தாயே என்று கூப்பிட்ட நாட்கள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். விருத்தாசலத்தில் நான் வேலை பார்க்கும் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அங்கே பொம்மைகளுக்குக் கண் எழுதுவது என் வேலை. கண் எழுதாதவரை அம்மன் வெறும் சரக்குதான். பலகையோடு காலால்கூடத் தள்ளி வைப்போம். கண் எழுதிவிட்டால் போச்சு, செருப்புக் காலோடு யாரும் கிட்டே போகமாட்டோம். எத்தனையோ அம்மனுக்குக் கண் எழுதிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டவள் நான். வீட்டுக்கு வந்தால் மாமியாரின் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டேன்.

அத்தையோடு பெரிய சண்டை ஒன்றுமில்லை. அவர் ஓயாமல் பேசுவார், எனக்கு அது ஆகாது. குழம்பில் நான் புளியைக் கூட்டியது முதல் வீட்டுக்காரரோடு முறைத்துக்கொண்டது வரை தெருக் குழாயடிக்குத் தெரிந்துவிடும். கேட்டால், நான் என்னாத்த சொல்லிட்டேன் என்பார். பேச்சை நிறுத்திவிட்டேன். சோறு வேண்டுமா என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் கேட்பேன். கடைசியில், சேத்தியாத்தோப்பில் நாத்தனார் வீட்டுக்கே அவரை அனுப்பிவிடலாம் என்று வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைத்தேன். அம்மாவிடம் சொல்லும் வேலையை மனுஷன் என் தலையிலேயே கட்டினார். அதையும் சுவரிடம்தான் சொன்னேன். மருமகன் வீட்டில் நிரந்தரமாக உட்கார்ந்து சாப்பிடுவது அத்தைக்கு எவ்வளவு கூச்சம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அவர் துணிப்பையை எடுத்துத் தூசி தட்டினார்.

அவர் கிளம்ப இருந்த வாரத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பியது. ஆஸ்பத்திரியில் சின்னம்மை என்று மாத்திரை கொடுத்தார்கள். அத்தை வாசலில் வேப்பிலை செருகினார். அவ்வளவுதான், நான் மருமகள் இல்லை. மாரியாத்தா என் உடம்புக்குள் வந்துவிட்டாள். அம்மை போட்டவளை எங்கள் பக்கத்தில் யாரும் கடிந்து பேசமாட்டார்கள். அந்த வீட்டை விட்டு வெளியூருக்கும் கிளம்பமாட்டார்கள். பை திரும்பப் பரணுக்குப் போனது.

வீட்டில் தாளிப்பு நின்றது. எனக்கு இளநீர், மோர்ச்சோறு. அரிக்கிற இடத்தில் வேப்பங்கொத்தால் தடவிக் கொடுத்து, தாயே, கொஞ்சம் குடிம்மா என்பார் அத்தை. எனக்குச் சிரிப்பு வரும். பரவாயில்லையே, நல்ல மரியாதைதான் என்று செல்போனை நோண்டிக்கொண்டு சொகுசாகப் படுத்திருந்தேன்.

ஒரு மத்தியானம் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். நான் கண்ணை மூடியிருந்தேன், தூங்கவில்லை. அத்தை கால்மாட்டில் உட்கார்ந்து வேப்பிலையால் என் பாதத்தைத் தடவியபடி மெதுவாகப் பேச ஆரம்பித்தார். போன முறை நாத்தனார் வீட்டில் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டபோது மருமகன் ஏதோ சொல்லிவிட்டாராம். மகள் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டாளாம். இதைக் குழாயடியில்கூட அவர் சொன்னதில்லை.

"தாயே, நீ இப்ப இந்தப் பொண்ணுக்குள்ள இருக்குற. அவளுக்கு ஒரு கொறையும் வெக்காம எழுப்பி உட்டுரு. போறப்ப அவ மனசுல கொஞ்சம் தங்கிட்டுப் போ. அவ கெட்டவ இல்ல. என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசுனா போதும், இந்த வூட்டுலயே ஒரு ஓரமா கெடந்துக்குறேன்."

என்னைப் பற்றி என்னிடமே வேண்டிக்கொள்கிறார். அப்படியே செத்துப்போய்விடலாம் போலிருந்தது. கண்ணைத் திறந்து, இருங்க அத்தே என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் நீளமாம் வாய்! அன்றைக்கு அது திறக்கவில்லை. எனக்குள் ஆத்தா இருப்பதாக அவர் நம்பியதில் பாதியை நான் நம்பியிருந்தாலும் திறந்திருக்கும். சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தேன். கண்ணீர் கன்னத்துக் கொப்புளத்தில் பட்டு எரிந்தது. அதற்குப் பிறகு அவர் கொடுத்த மோர்ச்சோறு எனக்கு இறங்கவே இல்லை.

கொப்புளம் எல்லாம் உதிர்ந்ததும், மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்திருந்த தண்ணீரை என் தலைக்குக் கடைசியாக ஊற்றினார். ஆத்தாளைக் கும்பிட்டு நல்லபடியாக அனுப்பி வைத்தார். நான் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது பை வாசலில் இருந்தது. ரசம் வைத்திருப்பதாகவும், இனிமேல் தாளித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

"பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு. போயிட்டு வரேன்" என்றார், சுவரைப் பார்த்து.

நான் பழக்கிவிட்ட பழக்கம். அவருக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றேன். அவருடைய இடது கண்ணில் புரை விழுந்து வெளுத்திருந்தது. கண் எழுதிப் பிழைக்கிறவள், ஒரே வீட்டில் இருந்துகொண்டு அதைப் பார்த்ததில்லை.

"பைய உள்ள வைங்க அத்தே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். எனக்கு உடம்பே கூசிப்போனது.

"ஐயோ, ஆத்தாதான் போயிட்டாளே அத்தே. இது நான்."

"தெரியுது" என்றார். கையை இறக்கவில்லை.