வேகவைத்தவளும் வெளுத்தவளும்

எங்கள் ஆலையில் சோளத்தட்டை வேகவைக்கிற அக்காவுக்கு வயிறு எரியாத நாளே கிடையாது. காரணம் அடுத்த கூடத்திலேயே நின்றது: அவள் கொழுந்தனின் மனைவி.

துண்டு துண்டாக வெட்டி வரும் தட்டையை அக்கா காஸ்டிக் சோடாவில் நாலு மணி நேரம் வேகவைப்பாள். கொஞ்சம் எடுத்து, கையுறை போட்ட விரலால் தேய்த்துப் பார்த்தே பதம் சொல்லிவிடுவாள். எட்டு வருஷப் பழக்கம். வெந்தது என்னவோ சேற்று நிறத்தில்தான் இறங்கும். ஓரகத்தி அதைப் பெராக்சைடில் வெளுத்ததும் பஞ்சு மாதிரி ஆகிவிடும். மாத்திரைக் கம்பெனிக்குப் போகிற செல்லுலோஸ் அதுதான். ஆலையைப் பார்க்க வருகிறவர்கள் வெளுக்கிற தொட்டியருகே நின்றுதான் வாயைப் பிளப்பார்கள். வீட்டிலும் மாமியாருக்குச் சின்ன மருமகள்தான் தங்கம்.

"பாடுபடறது நான், பேரைத் தட்டிக்கிட்டுப் போறது அவ" என்று அக்கா என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

மேற்பார்வையாளர் பதவிக்கு இருவரில் ஒருத்தி என்று செய்தி வந்தது. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. என் தொட்டியிலிருந்தே வெள்ளையாக இறக்கிவிட்டால் அவளுக்கு அங்கே என்ன வேலை என்று கணக்குப் போட்டாள். சோடாவைக் கூட்டினாள், இரண்டு மணி நேரம் அதிகமாக வேகவிட்டாள். விரல் போதும் என்றது, அவள்தான் கேட்கவில்லை. வெளுப்பு வந்தது உண்மை. கூடவே நாரின் வலுவும் போய்விட்டது. சோதனையில் மொத்தச் சரக்கும் தேறவில்லை.

மேலாளர் இருவரையும் கூப்பிட்டு யாரால் கெட்டது என்று கேட்டார். நான் சோதனைச் சீட்டோடு பக்கத்தில் நின்றேன். ஓரகத்தி முந்திக்கொண்டாள்.

"என் தப்புதான் சார். பெராக்சைடு கூடிப்போச்சு."

அக்கா தொட்டியிலிருந்தே வெளுத்து வந்த கூழைப் பார்த்தவளுக்கு யார் தப்பு என்று தெரியாமல் இருந்திருக்காது. அக்கா பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பாள். ஆனால் மேலாளர், மறைக்காமல் ஒப்புக்கொண்டதே பெரிது என்று இளையவளைப் பாராட்டிவிட்டார். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவ இல்ல சார். நான்தான் அதிகமா வேகவிட்டேன்."

பதவி யாருக்கு என்பது அந்த நிமிஷமே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வெளியே வந்ததும் ஓரகத்தி அவள் கையைப் பிடித்தாள். "ஏங்க்கா சொன்னீங்க? என்னோட போயிருக்குமே."

அக்கா கையை உதறினாள்.

"தப்பு பண்ணினது நான். அதுக்கும் நல்ல பேரு நீதான் வாங்கணுமா?"