எதிர் நாற்காலியில் ராசலிங்கம்

ராசலிங்கம் இறந்த செய்தி வந்தபோது நான் பர்லியாற்றுக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் மாட்டிக்கொண்டிருந்தேன். மரம் விழுந்து வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. எஞ்சினை அணைத்துவிட்டு, மறுநாள் அவரோடு உட்கார வேண்டிய பேச்சுவார்த்தைக்கான வரைவைப் பையிலிருந்து எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவருடைய சங்கத்துப் பையன் சஜீஷ் அழைத்தான்.

"சாரே, ராசண்ணன் போயிட்டாரு."

"எங்க போயிட்டாரு?" என்று கேட்டேன். கூட்டத்தைத் தள்ளிப்போட மனிதர் ஏதோ புது வழி கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். சஜீஷ் அதையே இன்னொரு முறை சொன்ன பிறகுதான் புரிந்தது. விடியற்காலையில் நெஞ்சு வலி என்று சொல்லியிருக்கிறார். கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. வரைவை மடித்துப் பையில் வைத்தேன். அதில் அவர் பார்த்திருக்க வேண்டிய ஒரு விஷயம் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நிர்வாகத்தின் ஆள் ஒருவன் சங்கத்துக்காரருக்கு அஞ்சலி எழுதுவது உங்களில் சிலருக்கு உறுத்தலாம். எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. எழுதச் சொன்னது சஜீஷ். "எங்களைக் காட்டிலும் அண்ணன்கிட்ட அதிகம் வழக்காடினது நீங்கதானே சாரே" என்றான். அது உண்மை. உங்களில் பலருக்கு அவர் கீழ் கோத்தகிரித் தோட்டங்களில் சங்கம் வளர்த்தவர். எனக்கு அவர் எதிர் நாற்காலிக்காரர். ஒரு மனிதரை எதிரில் உட்கார்ந்து பார்ப்பது ஒரு தனிக் கோணம். பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அவர் முகம் அவ்வளவு நேராகத் தெரிந்திருக்காது.

எங்கள் தேயிலைக் கம்பெனி ஒரு கால்பந்து அணி நடத்துகிறது. பெரிய லீக் இல்லை, அதற்கு அடுத்த படி. பந்தலூர், கூடலூர், கோத்தகிரிப் பையன்கள் பாதி, வெளி மாநிலத்தவர் மீதி. பழைய எஸ்டேட் பங்களா ஒன்றில் தங்கிக்கொண்டு, பெரிய அணி ஏதாவது தன்னைக் கண்டுகொள்ளாதா என்று காத்திருப்பவர்கள். அவர்களுடைய சம்பளம், விடுப்பு, சண்டை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் அதிகாரி நான். ஒரு நாள் அவர்கள் சங்கம் அமைத்துவிட்டார்கள். கால்பந்துக்காரர்களுக்குச் சங்கமா என்று தலைமை அலுவலகம் சிரித்தது. மறு வாரமே அவர்களுக்காகப் பேச ராசலிங்கம் வெற்றிலை வாயோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"சொல்லுங்க தொரே" என்றார்.

"தொரை எல்லாம் இல்லீங்க. நானும் சம்பளத்துக்கு இருக்கறவனுங்க."

"எல்லாத் தொரையும் அப்படித்தான் சொன்னாங்க."

கடைசி வரை அந்தத் 'தொரை'யை அவர் விடவில்லை. சிறு வயதில் குடும்பத்தோடு இலங்கைத் தோட்டத்திலிருந்து பந்தலூருக்கு வந்தவர். அந்தத் தோட்டப் பேச்சையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். கால்பந்து பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பந்தைக் காலால் தொட்டதே இல்லை என்று அவரே சொல்வார். தெரியாததை மறைக்காத ஆளோடு பேரம் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பதை அவரிடம்தான் அனுபவித்தேன். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்பார். அதற்குப் பதில் சொல்லச் சொல்ல நம் வாதம் நமக்கே இளைத்துப்போகும்.

முதல் வழக்கு பனிமூட்டத்தைப் பற்றியது. எங்கள் மைதானத்தில் மூடுபனி இறங்கினால் பந்து கண்ணுக்குத் தெரியாது. பயிற்சி நடக்காது. நடக்காத பயிற்சிக்கு வருகைப் பதிவும் கிடையாது, அதுதான் எங்கள் வழக்கம். ராசலிங்கத்துக்கு இது பிடிபடவே இல்லை. "பனிய வரச் சொன்னது பயலுகளா? பெரட்டுக்கு வந்துட்டான்னா பேர் போடணும். மழ பேஞ்சாலும் பேர் பேர்தான்." பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆளெடுக்கும் இடம். பேர் என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு. தேயிலைக்காரரின் முறையை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து கால்பந்து மைதானத்தில் போட்டார். பயிற்சியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் கொழுந்து பறிக்க வந்தவருக்கு உள்ள நியாயம் பந்து உதைக்க வந்தவனுக்கு ஏன் இல்லை என்று கேட்டபோது நான் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டேன். எங்கள் ஒப்பந்தத்தில் இன்றைக்கும் 'பெரட்டு' என்ற சொல் இருக்கிறது. கோயம்புத்தூரில் உள்ள வக்கீல் ஒவ்வொரு முறையும் அதற்கு அர்த்தம் கேட்டு எனக்குப் போன் செய்வார்.

அடுத்து வந்ததுதான் பெரிய விஷயம். எட்டு மணி நேர வேலை, வார விடுமுறை, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்று சட்டம் சொல்லும் எதுவும் ஆட்டக்காரர்களுக்கு ஒட்டவில்லை. ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைதான் நடக்கும். வெளியூர் ஆட்டம் என்றால் பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடும். அதனால் வேலை நேரச் சட்டத்திலிருந்து அணிக்கு விலக்கு கேட்டு அரசுக்கு விண்ணப்பிக்க நிர்வாகம் முடிவு செய்தது. சங்கமும் சேர்ந்து கையெழுத்திட்டால் விலக்கு எளிதில் கிடைக்கும். ராசலிங்கம் ஒத்துக்கொள்ளவே மாட்டார் என்று நினைத்துத்தான் அவரிடம் போனேன். வாழ்நாள் முழுக்க அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் போன்றவர்களைத் துரத்தியவர் அவர்.

அவர் ஒத்துக்கொண்டார். பதிலுக்கு இரண்டு கேட்டார். ஒன்று, அடிபட்ட ஆட்டக்காரனை வீட்டுக்கு அனுப்பக் கூடாது, அவன் எழுந்து ஓடுகிற வரை வைத்தியமும் சம்பளமும் அணியின் பொறுப்பு. அதற்கு முன் முழங்கால் போனவனுக்கு நாங்கள் கொடுத்தது ஒரு சால்வையும் பஸ் டிக்கெட்டும்தான். இரண்டாவது, விலக்கு ஆணையில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: 'இந்த ஒப்பந்தம் நடைமுறையில் உள்ள வரைக்கும் மட்டும்.'

அவருடைய ஆட்களே அவரை விடவில்லை. ஒரு சாயங்காலம் கீழ் கோத்தகிரியில் அவரை என் காரில் இறக்கிவிடப் போனேன். தேயிலைக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு அம்மா நேராக வண்டிக்கு வந்தார். "ஏப்பா ராசு, சட்டம் வேணாம்னு தொரைமாரோட சேந்து கையெழுத்துப் போட்டியாமே? நாளைக்கு எங்களுக்கும் வேணாம்னு போடுவியா?"

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் பதிலுக்குத் திணறி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வேணாம்னு போடலக்கா. பொட்டியில வச்சுப் பூட்டியிருக்கு. சாவி நம்ம கிட்டதான் இருக்கு."

அந்த அம்மா நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் நம்பவில்லை. சமாளிக்கிறார் என்று நினைத்தேன்.

சஜீஷ் அப்போது எங்கள் கோல்கீப்பர். கூடலூர்ப் பக்கத்துப் பையன். ஒரு வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் வழுக்கி விழுந்து முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் தேதியும் வாங்கியாயிற்று. அந்த இடைவெளியில்தான் ஒப்பந்தத்தின் காலம் முடிந்தது. புதுப்பிக்க வேண்டாம் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. அவர்கள் கணக்கு எளிமையானது. ஒப்பந்தம் போனால் வைத்தியப் பொறுப்பும் போயிற்று. அரசு கொடுத்த விலக்கு எப்படியும் கையில் இருக்கிறது. ஆட்டக்காரனுக்குச் சட்டமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. சஜீஷ் ஊருக்குப் போய்க்கொள்ளலாம். ஆணையில் ஒரு வரி இருக்கிறது என்று நான் இரண்டு முறை சொன்னேன். அதை யார் படிக்கப் போகிறார்கள் என்றார்கள்.

ராசலிங்கம் கோஷம் போடவில்லை, கொடி பிடிக்கவில்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அணி முழுவதும் மைதானத்து வாசலில் வரிசையாக நின்றது. விடியற்காலைப் பயிற்சிக்கு ஒருவரும் வரவில்லை. எட்டுக்குத்தான் வேலை தொடக்கம். ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பிடப் போனார்கள், பயிற்சி ஆட்டத்தின் நடுவில், பந்து உருண்டுகொண்டிருக்கும்போதே. ஐந்து மணிக்குப் பூட்ஸைக் கழற்றினார்கள். பயிற்சியாளர் கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். ராசலிங்கம் ஓரத்தில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் போனேன்.

"ஏனுங்க, இதென்ன கூத்துங்க?"

"கூத்து ஒண்ணுமில்ல தொரே. ஒப்பந்தம் முடிஞ்சு போச்சு. அதோட விலக்கும் முடிஞ்சு போச்சு. பயலுக சட்டப்படி நடக்கிறாங்க."

"ஞாயித்துக்கெழமை மேட்ச் இருக்குதுங்க. கேரளாவுல இருந்து டீம் வருது."

"ஒங்க ஆபீசு வாசல் பலகையில வார விடுமுறை ஞாயிறுன்னு எழுதியிருக்கே. படிக்கலியா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பும் வந்தது. சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. அணி இறங்காவிட்டால் லீக்கை விட்டே நீக்கிவிடுவார்கள். வாரம் முழுக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தபடி இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பழைய ஒப்பந்தத்தை அப்படியே புதுப்பித்துக் கையெழுத்திட்டோம். சஜீஷின் அறுவை சிகிச்சை குறித்த தேதியில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் படுதோல்வி. ஒரு வாரம் ஒழுங்காகப் பயிற்சி இல்லாத அணி வேறு என்ன செய்யும்? ராசலிங்கத்திடம் சொல்லிப் புலம்பினேன். "தோத்தா என்ன? அடுத்த வாரம் ஆடுறதுக்குக் காலு இருக்கில்ல" என்றார்.

அவர் ஆட்டங்களுக்குத் தவறாமல் வருவார். ஆனால் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. எல்லாருடைய கண்ணும் பந்தோடு ஓடும், அவர் கண் பந்து விட்டுப்போன இடத்திலேயே நிற்கும். அங்கே எவனாவது நொண்டுகிறானா என்று பார்ப்பார். கோல் விழுந்து கூட்டம் எழுந்து நின்றால், யார் போட்டது என்று என்னிடம்தான் கேட்பார். எனக்கு அவர் மேல் எரிச்சல் நிறைய உண்டு. கூட்டத்தை இழுத்தடிப்பார். ஒத்துக்கொண்டதை மறுபடி முதலிலிருந்து பேசுவார். என் அறை ஜன்னல் ஓரம் முழுக்க அவருடைய வெற்றிலைக் காம்பு. அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதை அவரிடம் சொல்லும் வசதி எங்கள் இருவரின் வேலையிலும் இல்லை.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். தோட்டத்து மக்கள் ஒரு பக்கம், ஜெர்சி போட்ட பையன்கள் ஒரு பக்கம். பாடையின் முன்பக்கத்தைச் சஜீஷ் தோளில் சுமந்தான். கீழ் கோத்தகிரி இறக்கத்தில் சுமையோடு இறங்குவது முழங்காலுக்கு எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியும். என்னையறியாமல் நான் அவன் காலையே பார்த்துக்கொண்டு நடந்தேன். நொண்டவில்லை.

இனி அந்த வரைவு. ஒப்பந்தம் மறுபடி புதுப்பிக்கும் காலம் இது. கூடவே விலக்குக்கும் புது விண்ணப்பம். தலைமை அலுவலகம் அனுப்பிய வரைவில் 'இந்த ஒப்பந்தம் நடைமுறையில் உள்ள வரைக்கும் மட்டும்' என்ற அந்த ஒரு வரி இல்லை. எடுத்துவிட்டார்கள். வளைவில் வண்டி நின்றிருந்தபோது அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்குக் கவலை வரவில்லை. மறுநாள் ராசலிங்கம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசிப்பார், "தொரே, ஒரு வரியக் காணோமே" என்பார், நான் ஒன்றும் தெரியாதவன் போல அதைச் சேர்ப்பேன். இத்தனை வருடமும் என் பங்கு நியாயத்தையும் அவர் தலையில் கட்டிவிட்டு நான் நிம்மதியாக உத்தியோகம் பார்த்திருக்கிறேன் என்பது சஜீஷின் போனுக்குப் பிறகுதான் உறைத்தது.

கருமாதி முடிந்து கூட்டம் நடந்தது. சங்கத்தின் புதிய செயலாளராகச் சஜீஷ் என் எதிரில் உட்கார்ந்தான். வரைவைப் புரட்டினான், மூடினான். "ராசண்ணன் இருந்தா வாசிச்சிருப்பாரு. எனிக்கு இதெல்லாம் புரியாது. நீங்க பார்த்தா மதி சாரே, அது போதும்" என்று பேனாவை எடுத்தான்.

"வைடா பேனாவ" என்றேன். வரைவைத் திருப்பி வாங்கி, இருக்க வேண்டிய இடத்தில் அந்த வரியை என் கையாலேயே எழுதி, அவனை இரண்டு முறை வாசிக்க வைத்து, பிறகு கையெழுத்து வாங்கினேன்.

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அந்த வரியை யார் கேட்டது என்றார்கள்.

"ராசலிங்கம் கேட்டாருங்க."

"அவர்தான் எறந்துட்டாரே."

"ஆமாங்க. அதுக்கு முன்னாடியே கேட்டுட்டாருங்க."

மறுமுனையில் முணுமுணுப்பு. பிறகு வைத்துவிட்டார்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வரிதான். நான் ஓய்வு பெறுகிற வரை அது அதே இடத்தில் இருக்கும். அதற்குப் பிறகு, சஜீஷ், நீதான் வாசிக்க வேண்டும்.