வெறும் திரையிலும் கோடு பார்த்தவள்

வெள்ளைக்குள் வெள்ளையைத் தேடுவதுதான் நவமணியின் வேலை. லூனாஸ் ஊர்ப் பக்கத்துக் கையுறைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. கையுறையை விளக்குக்கு முன்னால் விரித்துப் பிடித்து, மெலிந்த இடம், ஊசிமுனை ஓட்டை, மங்கல் கறை எல்லாம் பார்க்க வேண்டும். அந்த மேசைதான் அவளுக்குக் கௌரவம். தீபாவளிக்கு வருகிற உறவுக்காரர்களின் புதுச் சட்டையிலும் கறை கண்டுபிடித்து மானத்தை வாங்குவாள்.

போன மாதம் கண் சோதனை என்றார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. ஆளைக் குறைக்கத்தான் என்று நாங்களே முடிவுகட்டிக்கொண்டோம்.

"எதக் காட்டினாலும் தெரியுதுன்னே சொல்லிரு லா. இல்லன்னா மேசை போயிரும்," என்று அவளுக்குச் சொன்னது நான்தான். என் வாயைத் தைத்திருக்கலாம்.

சோதித்தவள் ஜானிஸ் என்ற இளம்பெண். திரையில் சாம்பல் கோடுகள் வரும். தெரிந்தால் பச்சைப் பொத்தான், தெரியாவிட்டால் சிவப்பு. நம் ஒவ்வொரு பதிலிலிருந்தும் கணினி கற்றுக்கொண்டு, அடுத்த கோட்டை எவ்வளவு மங்கலாகக் காட்டுவது என்று தானே தீர்மானிக்குமாம். நடுநடுவே ஒன்றுமே இல்லாத வெறும் திரையையும் காட்டும். அது எங்களுக்குத் தெரியாது.

நவமணி பச்சையையே அழுத்தினாள். வெறும் திரைக்கும் பச்சை. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். வேலை முடிந்ததா என்று மேற்பார்க்கும் மண்டோர் கேட்டால், முடியாததையும் முடிந்தது என்று சொல்லித்தான் அப்பா அம்மாவுக்குப் பழக்கம். என் முறை வந்தபோது பதற்றத்தில் என் அறிவுரையை நானே மறந்து, தெரியாததற்கெல்லாம் சிவப்பை அழுத்தித் தொலைத்தேன்.

மறுவாரம் முடிவு வந்தது. என் மேசைக்குப் பிரகாசமான விளக்கு போட்டார்கள். அவரவர் கண்ணுக்கு ஏற்ற விளக்கு வைக்கத்தான் அந்தச் சோதனையே! நவமணியின் பெயருக்கு நேரே, பதில்களை நம்ப முடியாது என்று இருந்தது. அவளைப் பெட்டி மடிக்கும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள்.

"இன்னொரு தடவ பாருங்கம்மா, உள்ளத சொல்லிர்றேன்," என்று ஜானிஸிடம் கெஞ்சினாள்.

"இனி அடுத்த வருஷந்தான் சோதனையைத் திறப்பாங்க ஆன்ட்டி. என் கையில ஒண்ணும் இல்ல லா," என்ற அந்தப் பெண்ணுக்கும் கண் கலங்கியது. அவளைத் திட்டக்கூட எனக்கு மனம் வரவில்லை.

நேற்றுப் பத்து மணி ரெஹாட் இடைவேளையில் தேநீரைக் குடித்துவிட்டு நவமணி என் மேசைக்கு வந்தாள். நான் சரியென்று ஒதுக்கிய குவியலிலிருந்து ஒரு கையுறையை எடுத்தாள்.

"கட்டவிரல் ஓரமா பாரு தேவகி, ஓட்ட."

என் புது விளக்கில் பிடித்துப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவளையும் இழுத்துக்கொண்டு சூப்பர்வைசர் அழகேசனிடம் ஓடினேன்.

"அண்ணே, நான் விட்டத இவ கண்டுபிடிச்சா. மறுபடி மேசையில உட்கார வையுங்கண்ணே."

அவர் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல கண்ணுதான். ஆனா கம்ப்யூட்டர்ல அப்படி இருக்கே, நான் என்ன செய்ய?" என்று அதைக் கழிவுத் தொட்டியில் போட்டார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஒனக்குப் பெட்டி வேல சம்மதந்தானே நவமணி?" என்று கேட்டார்.

சொல்லடி, ஒரு தடவையாவது இல்லையென்று சொல்லடி என்று அவள் கையைக் கிள்ளினேன்.

"சம்மதந்தாண்ணே," என்றாள்.