சபைச் சுவரில் ஒரு கைத்தடி

ஜோதியம்மாளின் கைத்தடி சபைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. பிரசங்க மேடைக்குப் பக்கத்தில், சிவப்பு ரிப்பன் கட்டி, ஒரு கொக்கியில் மாட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்துதான் அவள் ஆராதனை செய்தாள். தன் சொந்தப் பொருளைத் தூரத்தில் வைத்து ஏக்கத்தோடு பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அவள் முட்டி கெட்டது ஒரே நாளில் அல்ல. திருவண்ணாமலை லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்தே பாதி ஆயுள் போனது. பௌர்ணமிக்கு மறுநாள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். உலகமே மலையைச் சுற்றிப் புண்ணியம் தேடிக்கொண்டு போனபின், அந்தப் புண்ணியத்தின் அழுக்கு இவளிடம் வரும். குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும்போதுதான் எழுந்திருப்பாள். கூடத் துவைத்தவள் வள்ளி. புருஷன் திருமலை செத்த வருஷம், சோறு இறங்காமல் கிடந்த ஜோதியம்மாளைக் கையைப் பிடித்துச் சபைக்குக் கூட்டிப்போனவளும் வள்ளிதான். சொந்தக்காரர்கள் கொஞ்ச நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அப்புறம் கல்யாணம் காட்சி என்று வந்ததும் மறுபடி இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

போன கோடையில் சபையில் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. பந்தல், மைக் செட், வெளியூர்ப் பிரசங்கியார். அவர் தலையில் கை வைத்ததும் ஜோதியம்மாளுக்கு உடம்பெல்லாம் சூடேறியது. முட்டியில் வலி இல்லை. நிஜமாகவே இல்லை. தடியைத் தூக்கிப் போட்டுவிட்டு மேடையில் நடந்தாள், அழுதாள், ஆண்டவர் சுகம் தந்தார் என்று மைக்கில் சாட்சி சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு அவளே தன்னைப் பொய்க்காரி என்று திட்டிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் வலி வந்துவிட்டது. ராத்திரி பக்கத்து வீட்டில் தங்கிவிட்டு வந்ததுபோல, பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. அதற்குள் தடி சபைச் சுவரில் ஏறியாயிற்று, அவள் நடந்த வீடியோ ஊரெல்லாம் போன்களில் ஓடியாயிற்று. சின்ன வயதுக்காரரான பாஸ்டர் விமல்ராஜ் தெருவில் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிப் பூரித்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அவள் சேலைக்குள் முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டாள். வீட்டில் சுவரைப் பிடித்து நடந்தாள். சபை வாசல் வந்ததும் பிடியை விட்டாள்.

"வேற தடி வாங்கியாரட்டுமா அத்தை?" என்றாள் மருமகள் அருணாதேவி. அவள் அண்ணாமலையாரைக் கும்பிடுகிறவள்.

"யார் கண்ணுலயாவது பட்டா? ஆண்டவர் பேரு இன்னா ஆவறது?"

"உங்க சாமி பேரை உங்க முட்டிதான் தாங்கிக்கினு இருக்குதா?"

 அந்த வார்த்தை ஜோதியம்மாளுக்குச் சுருக்கென்று தைத்தது.

ஐப்பசி வந்ததும் வள்ளி சபைக்கு வருவது நின்றுபோனது. முதுகுத்தண்டு தேய்ந்துபோய் வெகு நாளாகவே படுத்தும் எழுந்தும் கிடந்தவள். ஜோதியம்மாள் பார்க்கப் போன அன்று பார்த்துப் பௌர்ணமி. போலீஸ் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆட்டோ போகாது என்று இறக்கிவிட்டார்கள். கிரிவலக் கூட்டத்துக்கு நடுவே, செருப்பில்லாமல் விறுவிறுவென்று போகிற கிழவிகளைப் பார்த்துக்கொண்டே, கடைகளின் தூண்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நடந்தாள். வழியெல்லாம் ஆண்டவரிடம் சண்டைதான் போட்டாள்.

வள்ளி பாயில் சுருண்டு கிடந்தாள். மகன் மாறன் வேலைக்குப் போயிருந்தான். ஜோதியம்மாள் சுவரைப் பிடித்துச் சரிந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாத்திர போட்டியா?"

"நிறுத்திட்டேன்கா. நீ தடியத் தூக்கிப் போட்ட மாதிரி நானும் மாத்திரையத் தூக்கிப் போட்டேன். உபவாசம் இருந்தேன். வலிதான் ஜாஸ்தி ஆச்சு." வள்ளி கூரையைப் பார்த்தபடி பேசினாள். "உனக்குக் குடுத்தாரு. எனக்குக் குடுக்கல. அப்ப எங்கிட்டதான் இன்னாவோ கொறை இருக்குது. எந்தப் பாவம்னு ஒவ்வொண்ணா நெனச்சிப் பாக்கறேன். தெரியலயே."

 ஜோதியம்மாள் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயந்துபோய், ஒரு சின்ன ஜெபத்தைச் சொல்லிவிட்டுத் தப்பித்துப் போகப் பார்த்தாள். ஆமென் சொல்லி எழுந்தாள். முட்டி எழவில்லை. சுவரில் கையூன்றி இன்னொரு தரம் எம்பினாள். பொத்தென்று விழுந்தாள். சேலை விலகி, பட்டை தெரிந்தது.

"அக்கா, இது இன்னா?"

"வலி."

"எப்பலேந்து?"

"மறுநாள் காலைலேந்து."

 வள்ளி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள். தன்னைச் சபைக்குக் கூட்டிப்போன புண்ணியவதியை இந்த நிலைக்கு ஆளாக்கியது தன் வாய்தான் என்று நினைத்தபோது, ஜோதியம்மாளுக்கு முட்டிவலி ஒன்றுமில்லை என்று தோன்றியது.

"அப்ப ரெண்டு பேரையுமே கைவிட்டுட்டாராக்கா?"

"அப்படிச் சொல்லாத." ஜோதியம்மாள் கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தை தேடினாள். "தெனம் விடியக்கால்ல கால நீட்ட முடியாம கெடக்கறப்ப, ஆண்டவரேன்னு கூப்புடறேன். வலி போவறதில்ல. ஆனா யாரோ கிட்ட வந்து உக்காந்தாப்ல இருக்குது. அதனாலதான் எழுந்துக்கறேன். அது பொய்யில்ல வள்ளி. கையிலயும் கால்லயும் ஆணி வாங்கினவருக்கு வலின்னா இன்னான்னு நாம சொல்லிக் குடுக்கணுமா?"

"இதைச் சாட்சி சொல்லியிருக்கலாமே நீ."

"மாத்திரையப் போடு."

"நீ தடிய எடு. நான் மாத்திரைய எடுக்கறேன்."

ஜோதியம்மாளைத் தூக்கிவிட வள்ளிக்குத் தெம்பில்லை. மாறன் வரும்வரை இரண்டு கிழவிகளும் அந்தத் தரையிலேயே கிடந்தார்கள். வெளியே கூட்டம் நகர்ந்துகொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் ஜோதியம்மாள் எழுந்தாள். பழைய சாட்சியைத்தான் மறுபடி சொல்லப்போகிறாள் என்று பாஸ்டர் சிரித்த முகத்தோடு மைக்கை நீட்டினார். அவள் அதை வாங்காமல் சுவரை நோக்கிப் போனாள். தடியைக் கொக்கியிலிருந்து எடுத்தாள். ரிப்பன் முடிச்சை அவிழ்க்க அவள் விரல்களால் ஆகவில்லை. ரிப்பனோடே ஊன்றிக்கொண்டாள்.

"அன்னிக்கு ஒருநாள் வலி நின்னது நெசம். மறுநாளே வந்துடுச்சு. உங்க கிட்ட மறைச்சிட்டேன். என்னப் பாத்துட்டு யாராவது மாத்திரைய நிறுத்தியிருந்தா, திரும்பப் போடுங்க. வலி இருக்குது. அவரும் கூட இருக்கறாரு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பாவம், விசுவாசம் போய்விட்டது என்று பின்வரிசையில் ஒரு குரல் முனகியது. பாஸ்டர் மைக்கைப் பார்த்தபடி நின்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே அடுத்த பாட்டுக்குச் சைகை காட்டினார். இனி இந்தச் சபையில் தன்னை யாரும் முன்வரிசைக்குக் கூப்பிடப்போவதில்லை என்று அவளுக்குப் புரிந்தது. 

பாட்டு முடியுமுன் வெளியே வந்து, ஆட்டோ பிடித்து வள்ளி வீட்டுக்குப் போனாள். சிமெண்டுத் தரையில் தடி தட்டுகிற சத்தம் கேட்டு வள்ளி தலையைத் திருப்பினாள். தடியைப் பார்த்தாள், அதில் தொங்கிய ரிப்பனைப் பார்த்தாள்.  தலைமாட்டைத் துழாவி மாத்திரை டப்பாவை எடுத்தாள்.

"தண்ணி மொண்டு குடுக்கா," என்றாள்.

ஜோதியம்மாள் தடியை ஊன்றிக்கொண்டு குடத்தை நோக்கி நடந்தாள்.