எயார்பேக் இருக்கிற கார்

ஏறாவூரில் பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்குகிறவள் பஹீமா. கணவர் மௌத்தாகிப் போனதும் வாகனத்தை விற்றுவிடச் சொன்னவர்களின் பேச்சைக் கேட்காமல் தானே ஓட்டப் பழகி, பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டாள். சீற்பெல்ட் போடாதவர்களைச் சாவியைத் தொடவே விடமாட்டாள். பழைய வாகனத்தைக் கொடுத்துவிட்டு, வெளிநாட்டில் ஓடி இறக்குமதியான காரை அவள் வாங்கியதும், மோதினால் ஊதி ஆளைக் காக்கிற எயார்பேக் அதில் இருந்ததால்தான்.

அன்று றுக்ஷானா ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். தன்னாமுனையில் மாடொன்று குறுக்கே வந்தது. அவள் ஸ்டியரிங்கை ஒடிக்க, கார் மெதுவாகப் போய் மதகுச் சுவரில் முட்டியது. சைக்கிளிலிருந்து விழுந்தவர்கூட இதைவிடக் கூடுதலாக அடிபட்டிருப்பார். ஆனால் ஸ்டியரிங்கில் எயார்பேக்குக்குள் இருந்த இரும்புக் குப்பி வெடித்துச் சிதறி, ஒரு துண்டு றுக்ஷானாவின் வலக் கண்ணில் ஏறியது. பக்கத்திலிருந்த பஹீமாவுக்கு ஒரு கீறலும் இல்லை. ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

அடுத்த கிழமை, காரை இறக்குமதி செய்த கம்பனியின் பொறியியலாளர் இன்ஷாப் பழக்கூடையோடு பஹீமாவின் வீட்டுக்கு வந்தார்.

"பையை ஊத வெக்கிற மருந்து, ராத்தா. சூட்டிலயும் ஈரக்காத்திலயும் கிடந்து பழுதாப் போனா, குப்பியே வெடிக்கும்."

"வாவிக் கரையில ஈரக்காத்துக்கு என்ன குறை? இது ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

அவர் தலை குனிந்தார். "வெளிநாட்டில இந்தக் காரெல்லாம் திருப்பி எடுத்துப் பை மாத்தினவங்க. நான் மேலிடத்துக்குச் சொன்னன். வந்து நிக்கிறது வித்து முடியட்டும் எண்டாங்க."

"நீங்களும் கார் நல்லம் எண்டு கையெழுத்து வெச்சீங்க."

"ஓம்."

பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். உடைந்த ஸ்டியரிங்கை ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். பஹீமா பழக்கூடையை அவர் பக்கம் தள்ளினாள்.

"அது பொலிஸிட்ட இரிக்கி. இந்தப் பழத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க."

றுக்ஷானாவின் வாப்பா வழக்குப் போட்டார். பஹீமா அதே கார் வைத்திருந்தவர்களின் வீடு வீடாகப் போய் விஷயத்தைச் சொன்னாள். சிலர் அவளுக்காகக் கையேந்தித் துஆச் செய்தார்கள். சிலர், கதை பரவினால் காரின் விலை விழும் என்று முகத்தைச் சுழித்தார்கள். அவளுடைய தம்பி அஹமட்டிடமும் அதே கார்தான். "நல்ல வேளை சொன்னீங்க ராத்தா" என்றான்.

அவன் வீட்டுக்கு மறுபடி போனபோது வாசலில் கார் இல்லை.

"வித்துட்டன். தன்னாமுனை றோய் மாஸ்டருக்கு. புள்ளைகள இஸ்கூலுக்குக் கூட்டிப் போகவாம்."

"அவருக்குச் சொன்னியா?"

"அவர் கேக்கல்லயே."

முன்னால் வைத்த தேத்தண்ணீரைத் தொடாமல் பஹீமா எழுந்தாள். நேரே பஸ் ஏறித் தன்னாமுனைக்குப் போய் றோயிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அன்றே காரைக் கொண்டுவந்து அஹமட்டின் வாசலில் நிறுத்தி, கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. கம்பனி இப்போது எயார்பேக்குகளை இலவசமாக மாற்றிக் கொடுக்கிறது, வாடிக்கையாளர் மீது கொண்ட அக்கறையால் என்று தன் கார்க் கடையில் பதாகை கட்டி. அந்தக் கடையைத் தாண்டும்போது பஹீமா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பெருநாளுக்கு அஹமட் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தால், மூடியைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிடுகிறாள்.